லைன்வீட்டுக்குச் சொறி வந்த வருஷம்

தேன்பாறை எஸ்டேட்டின் எட்டுக் கதவு லைன்வீட்டுக்குச் சொறி வந்த வருஷம், அது முதலில் மனிதர்களுக்குத்தான் வந்தது. மனிதர்கள் அதை மறைத்தார்கள். இனி ஒளித்துவைக்க ஓர் உடம்பும் மிச்சமில்லை என்று ஆனபோது அது வீட்டுக்கு வந்தது.

வால்பாறைக்கு மேலே, தேயிலைச் சரிவின் இடுப்பில் நீளமாகப் படுத்திருந்த வீடு அது. ஒரே தகரக் கூரை, எட்டுக் கதவு, எட்டு அடுப்பு. இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒற்றைச் சுவர். முதல் கதவில் ஒருவர் தும்மினால் ஆறாம் கதவிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். வீட்டின் முதுகுப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், யானை படுத்தது போல ஒரு கரும்பாறை. அந்தப் பாறையில் எந்தக் காலத்திலும் ஈரம் காய்ந்ததில்லை.

மூன்றாம் கதவில் பவுன்தாய் இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் ஒச்சப்பன் தேயிலை ஃபேக்டரியில் உலர்த்துகிற இடத்தில் வேலை செய்தான். பிள்ளை இல்லை. ஆனால் தாய் செத்தபோது கைக்குழந்தையாக இருந்த தங்கச்சி செவ்வந்தியை இடுப்பிலேயே வைத்து வளர்த்து, உடுமலைப்பேட்டையில் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். அந்த வருஷம் செவ்வந்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "அம்மா வீடுன்னு எனக்கு வேற எங்க இருக்கு" என்று வாசலிலேயே பையை வைத்தாள்.

பவுன்தாய்க்குப் பங்குனியிலேயே மணிக்கட்டில் தொடங்கியிருந்தது. விரல் இடுக்கில் அரிசிக் குருணை மாதிரிப் பொரிப்பொரியாக, பிறகு இடுப்பில், பிறகு தொப்புளைச் சுற்றி. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். படுத்துப் போர்வையின் சூடு ஏறினால் அது உடம்புக்குள் ஊர்வலம் கிளம்பியது. சீப்பின் முதுகால் சொறிந்தாள், தேயிலைக் குச்சியால் சொறிந்தாள், கதவுச் சட்டத்தில் முழங்கையைத் தேய்த்தாள். யாராவது கேட்டால் "மருந்தடிச்ச காட்டுல நின்னேன், ஒத்துக்கல" என்றாள். அப்படியே இரண்டாம் கதவில் அதற்கு வேர்க்குரு என்று பெயர், ஐந்தாம் கதவில் கொசுக்கடி, முதல் கதவுச் சூசையம்மா வீட்டில் கருவாடு சேராத தடிப்பு. இந்தக் குளிர்மலையில் வேர்க்குருவா என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. சொறி என்றால் குளிக்காதவர்களுக்கு வருவது என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அவர்களோ, மழை கொட்டும் அந்த மலையில் தினம் இரண்டு வேளை வெந்நீர் ஊற்றிக் குளிக்கிறவர்கள்.

ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் மழை சற்று விட்டு, தகரத்தில் வெயில் விழுந்து, எட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தபோது, வீடு மெல்ல அசைந்தது. முளைக்குச்சியில் உரசிக்கொள்ளும் மாட்டைப் போல, கண்ணை மூடிக்கொண்டு உரசுகிற அந்தச் சுகத்தோடு, தன் நீள முதுகைக் கரும்பாறையில் வைத்து இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை தேய்த்தது. பானைகள் உருண்டன. தொட்டில்கள் தானாக ஆடின. யாரும் ஓடவில்லை. சூசையம்மா மட்டும் கஞ்சிப் பானையை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்து, சுவரில் வரிவரியாகக் கிளம்பியிருந்த பொரிகளைத் தடவிப் பார்த்தாள்.

"அடப்பாவமே, வீட்டுக்கும் வந்துருச்சா?" என்றாள்.

அந்த "வீட்டுக்கும்" என்ற சொல்லின் உம்மில் நாலைந்து மாதமாகக் கட்டிக்காத்த ரகசியமெல்லாம் அவிழ்ந்து முற்றத்தில் விழுந்தது. சூசையம்மா கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஐந்தாம் கதவுக் கிழவர், இனி என்ன என்பதுபோல, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிம்மதியாக இடுப்பைச் சொறிய ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சொறிந்தார்கள். அந்த மத்தியானம் மனிதரும் வீடும் சேர்ந்து சொறிந்த சத்தம், கல்லில் மழை இறங்குகிற மாதிரி அடுத்த சரிவுவரை கேட்டது.

வீட்டோடு வாழப் பழகினார்கள். சூடு ஏறினால்தான் அதற்கு அரிக்கிறது என்று கண்டுகொண்டதும் எட்டு அடுப்பையும் வெளியே எடுத்து சவுக்கு மரத்தடியில் வரிசையாக வைத்தார்கள். அதனால் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது ஊரறிந்த விஷயமாகி, நல்ல குழம்பு வைத்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டியதாயிற்று. பானைகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஆண்கள் வேலை முடிந்து வந்ததும் மண்வெட்டியின் விளிம்பால் சுவரை இதமாகச் சுரண்டிவிட்டார்கள். எங்கே சுரண்டினால் வீட்டுக்குப் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. ஜன்னலுக்குக் கீழே சுரண்டினால் தகரக்கூரை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடும். எஸ்டேட் சூப்பர்வைசர் வந்து பார்த்து "மண்ணு இறங்குது" என்று சொல்லி நான்கு உருட்டுக்கட்டைகளை முட்டுக் கொடுக்கவைத்தார். வீடு அவற்றிலும் தேய்த்துத் தேய்த்துச் சிலாம்பாக்கிவிட்டது. மாரியம்மன் கோயில் பூசாரி தீர்த்தம் தெளித்தார், சர்ச்சிலிருந்து வந்த உபதேசியார் ஜெபித்த தண்ணீர் தெளித்தார். இரண்டும் குளிர்ச்சியாக இருந்ததால் வீடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. ஒரு காலையில் காட்டிலிருந்து ஒற்றை யானை இறங்கி வந்து வீட்டின் மூலையில் விலாவை உரசியது. வீடும் பதிலுக்கு உரசியது. இரண்டும் வெகுநேரம் அப்படி நின்றுவிட்டு, யானை ஒன்றும் நடக்காதது போல் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் பழகியவர்கள், இதை யார் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு மட்டும் பழகவில்லை. எட்டாம் கதவில் புத்னியும் அவள் புருஷன் சுக்ராவும் இரண்டு வயது மகனும் இருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து சித்திரையில் லாரியில் வந்து இறங்கியவர்கள். புத்னி என்ற பெயர் வாயில் நுழையாமல் லைனில் அவளைப் புதினா என்று கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"அதுங்க வந்தப்புறம்தான் இது வந்துச்சு," என்று சூசையம்மா சொன்னாள். "எந்த ஊரு தண்ணியில குளிச்சுதுங்களோ."

பவுன்தாய்க்குத் தெரியும், சித்திரைக்கு முன்னால் பங்குனி வருகிறது என்று. அவளும் மற்றவர்களும் அவரவர் பங்குனியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். எட்டாவது அடுப்பு மெல்ல வரிசையிலிருந்து தள்ளிப்போய், பிறகு தனியாக, காற்றடிக்கிற பக்கம் எரிந்தது. குழாயடியில் புத்னி வந்தால் குடங்கள் விலகின.

ஆவணியில் செவ்வந்திக்கு டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஒச்சப்பன் ஆரஞ்சு மிட்டாய் வாங்க ஓடினான். பவுன்தாய் முந்தானையை விரித்து, குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். அப்போது எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து துணைக்கு வந்திருந்த மலையாளத்து ஷைலஜா சிஸ்டர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டாள்.

"சேச்சி, தொடாதீங்க," என்றாள் மெதுவாக. "இது சொறியாக்கும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள்ள குழி தோண்டி முட்டை வைக்கும். பச்சைக் குழந்தை தாங்காது."

"நான் தினம் குளிக்கிறவ, சிஸ்டர்."

"குளிக்கிறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சாப் போதும். பாசமா இருக்கிற வீட்டுலதான் இது சீக்கிரம் பரவும்."

பவுன்தாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மடக்கிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

செவ்வந்திக்கு ஆஸ்பத்திரியிலேயே மருந்து போட்டுச் சுத்தமாக்கி, ஓடைக்கு அக்கரையில் இருந்த டிஸ்பென்சரியின் பின்னறையில் தாயையும் பிள்ளையையும் சிஸ்டர் தங்கவைத்தாள். புருஷன் லாரியோடு வடக்கே போயிருந்தான். பவுன்தாய் தினமும் கொழுந்துக் கூடையை எடை போட்டுவிட்டு ஓடைக்கரை வளைவில் வந்து நிற்பாள். செவ்வந்தி ஜன்னலுக்கு வந்து குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவு தூரத்தில் அது ஒரு வெள்ளைத் துணிச் சுருள், மேலே ஒரு கறுப்புப் புள்ளி.

"அக்கா, சிரிக்குது பாரு!" என்று செவ்வந்தி கத்துவாள்.

"பாக்குறேன், பாக்குறேன்," என்று பவுன்தாய் கத்துவாள், ஒன்றும் தெரியாமலே. திரும்பி நடக்கும்போது கை தானாக இடுப்புக்கு வந்து, அங்கே இல்லாத ஒரு பிள்ளையை ஏற்றிப் பிடித்துக்கொள்ளும்.

சிஸ்டர் லைனுக்கு வந்து மருந்து கொடுத்தாள். கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை ஓர் இடம் விடாமல் பூச வேண்டும், மறுநாள் காலையில்தான் குளிக்க வேண்டும், துணிமணி போர்வை எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். "முக்கியமானது ஒண்ணு," என்றாள். "எல்லாரும் ஒரே நாள்ல. ஒருத்தர் விட்டாலும் திரும்ப எல்லாருக்கும் வரும்."

"எல்லாரும் போட்டுக்கறோம், சிஸ்டர்," என்றாள் சூசையம்மா, மருந்துப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு. அவளுடைய எல்லாரும் ஏழாம் கதவோடு முடிந்தது. எட்டாம் கதவின் பங்கு மருந்து பெட்டியிலேயே கிடந்தது. பவுன்தாய் அதைப் பார்த்தாள். அக்கரை ஜன்னலை நினைத்துக்கொண்டு, இப்போது வம்பு எதற்கு என்று பேசாமல் இருந்தாள்.

ஏழு கதவும் பூசிக்கொண்டன. சில நாளில் அரிப்பு அடங்கியது. வீடும் முதல் கதவிலிருந்து ஏழாம் கதவுவரை அசையாமல் நின்றது. எட்டாம் கதவு மட்டும், தூங்குகிற நாயின் வால் போல, தனியே ஆடிக்கொண்டிருந்தது. பவுன்தாய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கொதிநீரில் போட்டெடுத்த புடவையைக் கட்டி, ஓடையைத் தாண்டிப் போனாள். செவ்வந்தி குழந்தையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சிஸ்டர் வழக்கமாகப் பார்ப்பதுபோல் பவுன்தாயின் கையை வாங்கி விரலை விரித்துப் பார்த்துவிட்டு, அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். சுண்டுவிரல் இடுக்கில் புதிதாக ஒரு பொரி.

குழந்தை இரண்டடி தூரத்தில் இருந்தது. அதன் பால் வாசனை பவுன்தாய்க்கு வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னோக்கியே நடந்து, கதவு முதுகில் இடிக்கும்வரை போனாள். பிறகு திரும்பி ஓடைவரை ஓடினாள்.

அவள் லைனுக்கு வந்து சேர்ந்தபோது வீடு முழுக்க மறுபடி அசைந்துகொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக. முற்றத்தில் ஆண்கள் கடப்பாரையோடு நின்றார்கள். எட்டாம் கதவிலிருந்துதான் திரும்பப் பரவுகிறது என்பது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்துவிட்டதால், அதை வீட்டிலிருந்து வெட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுச்சுவரை இடித்து, தகரத்தை அறுத்து, தனியாகத் தள்ளிவிட்டால் அதுபாட்டுக்கு எங்கேயாவது போய்ச் சொறிந்துகொள்ளும்.

"அழுகின விரலை வெட்டுற மாதிரிதான்," என்றாள் சூசையம்மா. அவள் குரலில் கோபத்தைவிடத் தூக்கமின்மைதான் அதிகம் இருந்தது. "நாங்களும் எத்தனை நாள்தான் தாங்குவோம், பவுனு?"

ஒச்சப்பன்தான் முதல் குத்துக் குத்தினான். செங்கல் உள்ளே விழுந்தது. வீடு சட்டென்று அசைவை நிறுத்தியது. ஊசி போடும்போது உடம்பைக் கல்லாக்கிக்கொள்ளும் குழந்தையைப் போல அது தகரம் முதல் தரைவரை இறுகி நின்றது. அந்த அமைதியில், தலை நுழைகிற அளவுக்கு விழுந்த ஓட்டை வழியாக, உள்ளே ஒரு பிள்ளை விசும்புகிற சத்தம் கேட்டது.

பவுன்தாய் குனிந்து பார்த்தாள். சுவரோரம் புத்னி மகனை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் இரண்டு கையிலும் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள், சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க. அவன் சொறிய முடியாமல் துடிக்கத் துடிக்க, அவள் தன் உள்ளங்கையால் அவன் முதுகை நகம் படாமல், விடாமல், தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை முழுக்கப் புண்.

அவள் இவளைப் பார்த்தாள். "போக மாட்டோம், தீதி," என்றாள் தனக்குத் தெரிந்த தமிழில். அவள் நாட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எங்க போறது?"

பவுன்தாய் நிமிர்ந்தாள்.

"எனக்குப் பங்குனியிலயே வந்துருச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல். "இவங்க லாரி ஏறுறதுக்கு முன்னாடியே. அந்த மருந்தை எடு, சூசையக்கா."

"பவுனு..."

"எட்டாம் கதவு மருந்து. பெட்டியிலதான இருக்கு? எடு."

அவள் மருந்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, கதவைச் சுற்றிப் போகாமல், அந்த ஓட்டையைக் கையாலேயே இன்னும் கொஞ்சம் பெயர்த்து, தோள் சிராய்க்க உள்ளே நுழைந்தாள். புத்னி பிள்ளையோடு மூலைக்குள் இன்னும் ஒடுங்கினாள். பவுன்தாய்க்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் அரைகுறை. அவள் மருந்து டியூபைப் புத்னியின் கையில் திணித்து, திரும்பி உட்கார்ந்து, ரவிக்கையைக் கழற்றித் தன் முதுகைக் காட்டினாள்.

"எனக்குக் கை எட்டாது," என்றாள். "நீ தேய். அப்புறம் உனக்கு நான் தேய்க்கிறேன்."

டியூபின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு குளிர்ந்த மருந்தோடு ஒரு கை அவள் தோள்பட்டையின் நடுவில் வந்து பதிந்தது. தாய் செத்த நாளிலிருந்து பவுன்தாயின் முதுகை யாரும் தேய்த்துவிட்டதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓட்டை வழியாக ஏழு கதவின் முகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டிப் பார்த்தன. கடைசியில் சூசையம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "அந்தப் பிள்ளையை இப்படிக் கொடு புதினா. கையில கட்டை அவுத்து நான் பூசுறேன்."

மறுநாள் சிஸ்டரிடம் மறுபடி மருந்து வாங்கி எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொண்டார்கள், இம்முறை எட்டாம் கதவோடு. வீட்டுக்கும் பூசினார்கள். சுண்ணாம்பில் கந்தகத்தையும் வேப்பெண்ணெயையும் கலந்து, கூரையின் உச்சி முதல் அஸ்திவாரம் வரை, உள்ளும் புறமும், பாறை இடுக்கில் சுக்ரா கயிறு கட்டி இறங்கி, ஓர் இடம் விடாமல் பூசினார்கள். துணியெல்லாம் எட்டு அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்ததால் ஐந்தாம் கதவுக் கிழவர் பேத்தியின் பாவாடையையும், ஒச்சப்பன் உரச் சாக்கையும் கட்டிக்கொண்டு நின்றார்கள். கந்தக நாற்றத்தில் வழி தவறிய பறவைகள் வட்டமடித்தன. வீடு முதலில் எரிச்சலில் சிலிர்த்தது. பெண்கள் வரிசையாக நின்று சுவரில் விசிறினார்கள், காயத்துக்கு ஊதுகிற மாதிரி வாயாலும் ஊதினார்கள். சாயங்காலம் தகரக்கூரை முழுக்க நீளமாக ஒரு மூச்சை விட்டுவிட்டு வீடு அசையாமல் படுத்தது. ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்தார்கள்.

"பூச்சி செத்தாலும் கொஞ்ச நாள் அரிப்பு இருக்கும்," என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். "பயப்படாதீங்க. தோலுக்கு விஷயம் தெரிய நாளாகும்."

தோலுக்குத் தெரிந்தபிறகும் பவுன்தாய்க்குத் தெரியவில்லை. சிஸ்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சுத்தம் என்றாள். பவுன்தாய் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரமும் சுத்தம் என்றாள். மழை விடட்டும் என்றாள் இவள். ஓடை வளைவில் நின்று பார்ப்பதே அவளுக்குப் போதும்போல் ஆகிவிட்டது. கைகளைப் புடவைக்குள் வைத்துக்கொண்டுதான் நடந்தாள், தூங்கினாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் எட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தபோது, செவ்வந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டித் தானே ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது.

"ஏன்க்கா, உனக்கு வேண்டாமா இவ?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஐயோ, கிட்ட வராதடி. இன்னும் ஒரு வாரம்..."

"என்னை அம்மா செத்த அன்னைக்கு நீ தூக்கினியே, அப்போ உனக்குப் பத்து வயசு. உன் கையில என்ன இருந்துச்சு, என்ன இல்லன்னு யார் பாத்தா? கையை வெளிய எடு."

பவுன்தாய் எடுக்கவில்லை. புத்னி அடுப்பிலிருந்து எழுந்து வந்து, பின்னால் நின்று, அவள் முழங்கைகளைப் பிடித்து, அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சட்டை போடுகிறவள் போல, இரண்டு கைகளையும் புடவைக்குள்ளிருந்து வெளியே இழுத்து முன்னால் நீட்டிவிட்டாள். செவ்வந்தி அவற்றின்மேல் குழந்தையை வைத்தாள்.

கனமாக இருக்கும் என்று பவுன்தாய் நினைத்திருந்தாள். அது மத்தியானம்வரை பறித்த கொழுந்தின் கனம்கூட இல்லை. குழந்தை நெற்றியைச் சுருக்கி அவளைப் பார்த்தது, அழலாமா என்று யோசித்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டு முகத்தை அவள் கழுத்துக்குள் புதைத்தது. முற்றத்தில் யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். குழந்தையின் கை மேலே ஏறி, எதையோ பிடிக்கத் தேடி, அவள் கன்னத்தில் நீளமாகப் பிராண்டியது. வெட்டாத பிஞ்சு நகம், மெல்லிசாக ரத்தம் கசிந்தது.

"அய்யோ, நகம் வெட்டல," என்று செவ்வந்தி அந்தக் கையைப் பிடிக்க வந்தாள்.

"விடுடி," என்றாள் பவுன்தாய், கன்னத்தை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் கொடுத்து. "அவ பாட்டுக்கு இருக்கட்டும்."